லோங்யர்பியனுக்கு நால்வர்: ஒரு துருவப் பயண ஆயத்தத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒஸ்லோவுக்கு அண்மையில் வாழும் ஒரு தமிழ்த் தம்பதியும், யாழ்ப்பாணத்திலிருந்து அவர்களைப் பார்க்க வந்த பெண்ணின் பெற்றோரும் சில ஆண்டுகளுக்கு முன்னர், நோர்வேயின் பெருநிலப்பரப்புக்கு வடக்கே உள்ள சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லோங்யர்பியனுக்குச் சென்றுவந்தார்கள். அந்தப் பயணத்துக்கான ஆயத்தமும் அது எவ்வாறு முடிந்தது என்பதும் அவர்களின் சம்மதத்துடன் இங்கே பதிவு செய்யப்படுகின்றன. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. நான் வட நோர்வேயில் குளிர்காலப் பயணங்களை ஒழுங்குசெய்யும் வேலையில் இருப்பவன் என்பதால், தொடக்கத்திலிருந்தே அவர்கள் என்னுடன் கலந்து பேசினார்கள்.

தந்தைக்கு வயது 66. நீண்டகால நீரிழிவு நோயாளியான அவர் இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். தாய்க்கு 61 வயது. முழங்கால் வலி உண்டு, மரக்கறி மட்டுமே உண்பவர். மகளும் மருமகனும் நோர்வே குடியுரிமை பெற்றவர்கள். நோர்வேயின் குளிருக்குப் பழகியவர்கள். துருவப் பிரதேசத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை தந்தையுடையது. பாடசாலையில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவர் அவர். நாற்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டிய அகலக்கோடுகளில் ஒன்றின் மீது நின்று பார்க்க விரும்பினார்.

லோங்யர்பியன் வடக்கே 78 பாகை அகலக்கோட்டில், ஏறத்தாழ 2,500 பேர் வாழும் ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்காக உருவான அந்த ஊருக்கு வெளியே வேறு குடியிருப்புகளுக்குத் தரைவழிப் பாதை எதுவும் கிடையாது. ஒக்டோபர் கடைசி முதல் பெப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழுவது மார்ச் 8ஆம் திகதி அளவில்தான். அதை ஊரவர்கள் ஒரு வாரம் கொண்டாடுகிறார்கள். குடும்பம் முதலில் தெரிவுசெய்தது அந்த வாரத்தைத்தான்.

முதல் பட்டியல்

மகள் தயாரித்த முதல் பட்டியல் இரண்டு பக்கம் நீண்டது. அதில் பெரும்பகுதி உடை: கம்பளி உள்ளாடை, தடித்த மேலங்கி, கையுறை, காலுறை, முகமூடி, பனிச் சப்பாத்து. இதற்காக அவர்கள் ஒதுக்கியிருந்த தொகை விமானச் சீட்டுகளின் விலையை நெருங்கியது. மருந்து என்று ஒரு வரி இருந்தது. "விசா: சுவால்பார்டுக்குத் தேவையில்லை" என்று இன்னொரு வரி இருந்தது. காப்புறுதி பற்றி எதுவும் இல்லை, ஏனெனில் பெற்றோரின் விசா விண்ணப்பத்துக்காக ஏற்கெனவே ஒரு காப்புறுதி எடுக்கப்பட்டிருந்தது.

குளிர் பிரதேசத்துக்கு முதன்முறையாகப் போகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். குளிரை மனத்தில் உருவகிப்பது எளிது. ஒரு படிவத்தில் உள்ள நிபந்தனையை உருவகிப்பது கடினம். நான் அவர்களிடம் வைத்த யோசனை, ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இது தவறிப்போனால் லோங்யர்பியனில் வைத்துச் சரிசெய்ய முடியுமா?" என்ற கேள்வியை எழுதிப் பார்க்கும்படிதான். பட்டியல் அப்போது தலைகீழாக மாறியது. தடித்த மேலங்கியும் சப்பாத்தும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். சுற்றுலா நிறுவனங்கள் தம் பயணிகளுக்கு முழுநீளக் குளிர் உடையைத் தாமே கொடுக்கின்றன. விசாவையோ, காப்புறுதி ஒப்பந்தத்தின் எல்லையையோ, தீர்ந்துபோன மருந்தையோ, திரும்பும் விமானத்தைத் தவறவிட்டபின் இல்லாத நாட்களையோ அங்கே யாரும் வாடகைக்குத் தர மாட்டார்கள். உடைக்கென ஒதுக்கிய தொகையில் பாதிக்கு மேல் இவற்றுக்கு மாற்றப்பட்டது.

விசாவில் இருந்த எண்

சுவால்பார்டுக்குள் நுழைய எந்த நாட்டவருக்கும் விசா தேவையில்லை என்பது உண்மைதான். 1920ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அந்தத் தீவுகளின் இறைமை நோர்வேக்கு உரியது. ஆனால் ஒரே விசாவில் பயணிக்கக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வலயத்தில் நோர்வே சேர்ந்தபோது சுவால்பார்ட் அதற்கு வெளியே விடப்பட்டது. வழமையான பயணிகள் விமானங்கள் அங்கே செல்வதும் அங்கிருந்து திரும்புவதும் நோர்வேயின் பெருநிலப்பரப்பு வழியாகத்தான். ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டில் வரும் ஒருவர் ஒஸ்லோவில் ஷெங்கனுக்குள் நுழைகிறார், லோங்யர்பியனுக்குப் புறப்படும்போது அதிலிருந்து வெளியேறுகிறார், திரும்பும்போது மறுபடியும் நுழைகிறார். இரண்டு நுழைவு. ஒரு நுழைவுக்கு மட்டும் அனுமதிக்கும் விசாவுடன் போனவர் திரும்பி வரும்போது, அவர் கையில் இருப்பது பயன்படுத்தி முடிந்த ஒரு தாள்.

ஜனவரி நடுப்பகுதியில் பெற்றோரின் விசா கிடைத்தது. தாய் கடவுச்சீட்டின் பக்கத்தைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். பெயரும் திகதிகளும் சரியாக இருந்தன. நுழைவுகளின் எண்ணிக்கைக்குரிய சிறிய கட்டத்தில் "01" என்று அச்சாகியிருந்தது. இரட்டை நுழைவு என்றால் அந்த இடத்தில் "02" இருக்க வேண்டும். பட்டியலை மறுபடி பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது என்பதால் மகளின் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் ஒஸ்லோ விமான நிலையத்தின் கடவுச்சீட்டுப் பரிசோதனையில்தான் தெரியவந்திருக்கும்.

முதலில் இதை அச்சுப் பிழை என்று நினைத்து, திருத்தித் தருமாறு கேட்டார்கள். விசாரித்தபோது, படிவத்தை நிரப்பிக் கொடுத்த முகவர் ஒரு நுழைவு என்ற கட்டத்தில் அடையாளமிட்டிருந்தது தெரிந்தது. மகள் வீட்டுக்குப் போகிறார்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. மகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு நுழைவு போதும் என்று அவர் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. கேட்டது கிடைத்திருந்ததால் திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை.

மூன்று வழிகள் ஆராயப்பட்டன. பெற்றோரை ஒஸ்லோவில் விட்டுவிட்டு இளையவர்கள் மட்டும் போகலாம். தந்தையின் ஆசைக்காகத் தொடங்கிய பயணத்தில் இதற்குப் பொருள் இல்லை. நோர்வேக்கு வந்தபின் விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அப்படி நடக்கும் என்று நம்பி இரண்டு முதியவர்களை ஏற்றிவிட நான் உடன்படவில்லை. மூன்றாவது வழி, அவர்கள் இன்னும் யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே புதிதாக விண்ணப்பிப்பது. ஷெங்கன் விசா விண்ணப்பத்துக்கு வழமையாக 15 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் அது 45 நாட்கள் வரை நீளலாம். 45 நாட்களை வைத்துக் கணக்கிட்டபோது மார்ச் முதல் வாரம் கைநழுவியது. பயணத்தை மார்ச் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது என்று அன்றிரவே முடிவாயிற்று.

இதில் இழப்பு இருந்தது. சூரியனை வரவேற்கும் வாரம் போயிற்று. மார்ச் கடைசியில் அங்கே இரவு முழுமையாக இருட்டுவதில்லை. துருவ ஒளியைக் காணும் வாய்ப்பும் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. பகல் நீண்டு, வெளிச்சத்தில் நடமாட அதிக நேரம் கிடைக்கும் என்பது அதற்கு ஈடு. தாய்க்கு இது பெரிய நிம்மதி என்று பின்னர் தெரிந்தது; இருட்டில் பனிக்கட்டியின் மேல் நடக்க அவர் பயந்திருந்தார், ஆனால் சொல்லவில்லை.

இரண்டாவது விண்ணப்பத்தைக் குடும்பமே நிரப்பியது. ஒஸ்லோ, லோங்யர்பியன், மீண்டும் ஒஸ்லோ என்ற பயண ஒழுங்கைத் திகதிவாரியாகக் காட்டும் ஒரு கடிதமும், பணம் திரும்பக் கிடைக்கக்கூடிய விமான, தங்குமிட முன்பதிவுகளும் இணைக்கப்பட்டன. சுவால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் இரண்டு நுழைவு கேட்கிறோம் என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதப்பட்டது. இன்னொன்றும் கவனிக்கப்பட்டது: சுவால்பார்டில் கழியும் நாட்கள் ஷெங்கனில் தங்கிய நாட்களாகக் கணக்கிடப்படுவதில்லை என்றாலும், திரும்பும் நாள் விசா காலாவதியாகும் திகதிக்கு முன்னர் இருந்தே ஆக வேண்டும். வானிலையால் தாமதமானால் அதற்கும் இடம் இருக்கும்படி திகதிகள் கேட்கப்பட்டன. நான்கு வாரத்துக்குள் புதிய விசா வந்தது. கட்டத்தில் "02" இருந்தது.

ஹிமாத்ரி ஆய்வுநிலையத்துக்கு, அதாவது 2008 முதல் சுவால்பார்டின் நி-ஓலசுனில் இந்தியா நடத்திவரும் நிலையத்துக்கு, செல்கிறவர்களுக்கும் இதே நிலைதான். அவர்களின் பயண ஏற்பாடுகளை ஒரு நிறுவனம் கவனித்துக்கொள்கிறது. தனியாகப் போகும் குடும்பம் தன் கட்டங்களைத் தானே பார்க்க வேண்டியிருக்கிறது.

காப்புறுதியின் எல்லை

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதி தேவை. பெற்றோரிடம் அது இருந்தது. ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளைப் படித்தபோது, அது செல்லுபடியாகும் இடம் "ஷெங்கன் நாடுகள்" என்று வரையறுக்கப்பட்டிருந்தது. அதாவது லோங்யர்பியனில் விமானம் தரையிறங்கும் நேரத்தில் அந்தக் காப்புறுதி ஓய்ந்துவிடும்.

லோங்யர்பியனில் ஒரு சிறிய வைத்தியசாலை உண்டு. அங்கே முதலுதவியும் அவசர சிகிச்சையும் செய்கிறார்கள். கடுமையான நோயாளிகளை விமானத்தில் ஏறத்தாழ 950 கிலோமீற்றர் தெற்கே, வட நோர்வேயில் உள்ள த்ரொம்சோ நகருக்கு அனுப்புகிறார்கள். பிரசவத்துக்குக்கூட ஊர்ப் பெண்கள் நாள் நெருங்குமுன் பெருநிலப்பரப்புக்குச் சென்றுவிடுவது வழக்கம். நோர்வேயில் வசிக்காத, ஐரோப்பியர் அல்லாத ஒருவருக்கு இந்த விமானச் செலவு எவ்வளவு வரும் என்று நினைத்துப் பார்ப்பதே போதும். சுவால்பார்ட் என்று பெயர் குறிப்பிட்டு, ஏற்கெனவே உள்ள நோயையும் தேடுதல் மீட்புச் செலவையும் நோயாளியை விமானத்தில் கொண்டுசெல்வதையும் உள்ளடக்கும் இரண்டாவது காப்புறுதி பெற்றோருக்கு எடுக்கப்பட்டது. தந்தையின் நீரிழிவை மறைக்காமல் எழுதியதால் கட்டணம் கணிசமாக உயர்ந்தது. மருமகன் அதை ஆட்சேபித்தார், மகள் விட்டுக்கொடுக்கவில்லை.

மருந்தும் சர்க்கரை மானியும்

யாழ்ப்பாணத்தில் தந்தையைப் பார்த்துவரும் வைத்தியரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன: இவர் போகலாமா, போனால் எதைக் கவனிக்க வேண்டும். கால்களில் உணர்வு குறைந்திருக்கிறதா என்று பரிசோதித்தபின் அவர் சம்மதித்தார். உணர்வு மங்கிய கால் உறைபனியால் புண்படும்போது அது நோயாளிக்குத் தெரிவதில்லை என்பதால் இந்தப் பரிசோதனையை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். அவர் கொடுத்த கடிதத்தில் மருந்துகளின் வணிகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப்பெயர்கள் எழுதப்பட்டன. இரத்தச் சர்க்கரை அளவுகள் இரண்டு அலகுகளிலும் குறிக்கப்பட்டன. இலங்கையில் மில்லிகிராம் கணக்கில் சொல்வதை நோர்வேயில் மில்லிமோல் கணக்கில் சொல்கிறார்கள். 18ஆல் வகுத்தால் ஒன்று மற்றொன்றாகும் என்றாலும், அவசர நேரத்தில் அந்த வகுத்தலை யாரும் செய்யக்கூடாது.

இன்சுலின் உறைந்தால் பயனற்றுப்போகும். உறைந்து உருகியபின் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதை நம்பக்கூடாது. ஊரில் இன்சுலினைச் சூட்டிலிருந்து காப்பாற்றிப் பழகியவர்களுக்குக் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்பது புதிது. விமானத்தில் கைப்பையிலும், வெளியே செல்லும்போது உள் மேலாடைக்கு அடியில் தைத்த துணிப்பையிலும் அது வைக்கப்பட்டது. அந்தப் பையைத் தாயே தைத்தார். மாத்திரைகள், ஊசிகள் எல்லாம் பயண நாட்களுக்கு மேலாக இன்னும் ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு எடுக்கப்பட்டு, இரண்டு பைகளில் பிரித்து வைக்கப்பட்டன.

சர்க்கரை குறைந்தால் கொடுப்பதற்கென்று குளுக்கோஸ் மாத்திரைகளை நான் சொல்லியிருந்தேன். தந்தை சிறிய பழச்சாறுப் பெட்டிகளையே விரும்பினார். வீட்டில் அதுதான் பழக்கம். இரண்டும் எடுக்கப்பட்டன.

உடையும் நகையும்

இந்தப் பகுதியில் சொல்வதற்கு அதிகம் இல்லை. தோலோடு ஒட்டிக் கம்பளி, அதற்கு மேல் இன்னொரு கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் உறை. பருத்தி உள்ளாடைகள் முழுவதும் நீக்கப்பட்டன, ஏனெனில் வியர்வையை உறிஞ்சிய பருத்தி காயாமல் உடலைக் குளிரவைக்கும். சப்பாத்து ஓர் அளவு பெரிதாகத் தெரிவு செய்யப்பட்டது. தடித்த காலுறையுடன் விரல்கள் அசைய இடம் வேண்டும். சப்பாத்தின் அடியில் மாட்டும் முள் பட்டிகள் நால்வருக்கும் ஒஸ்லோவில் வாங்கப்பட்டன. தாயின் முழங்காலுக்குப் பனிக்கரடியைவிட, வாசலுக்கு முன்னால் உள்ள வழுக்கும் பனிக்கட்டிதான் ஆபத்து.

நகை பற்றி ஒரு சிறு விவாதம் நடந்தது. கடுங்குளிரில் திறந்திருக்கும் உலோகம் தோலிலிருந்து வெப்பத்தை விரைவாக இழுக்கும். காதுமடலிலும் மூக்கிலும் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அங்கே முதலில் தோல் வெளுத்து மரத்துப்போகும். தாலிக்கொடி உள்ளாடைக்கு உள்ளே உடற்சூட்டில் இருப்பதால் அதைத் தொட வேண்டியதில்லை. தோடும் மூக்குத்தியும் கழற்றப்பட வேண்டும். தாய் இதை விரும்பவில்லை. காதுத் துளையில் ஈர்க்குத் துண்டைச் செருகிக்கொண்டு, தோடுகளை மகளின் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்று ஒஸ்லோவில் இருந்த இன்னொரு தமிழ் அம்மா சொன்னபின்தான் சம்மதித்தார். நாங்கள் சொன்ன பௌதிக விளக்கம் எதுவும் எடுபடவில்லை.

எதில் செல்வது

மார்ச் மாதத்தில் லோங்யர்பியனுக்கு வருகிறவர்களில் பலர் பனி மோட்டார் வண்டியில் போகவே வருகிறார்கள். மருமகனும் அப்படித்தான் திட்டமிட்டிருந்தார். காற்றை நேரே எதிர்கொண்டு மணிக்கணக்கில் அமர்ந்திருப்பது, இடையில் ஒதுங்க இடமில்லாதது, சர்க்கரை குறைந்தால் உடனே தெரியாதது ஆகிய காரணங்களால் தந்தைக்கு அது தவிர்க்கப்பட்டது. மூடிய, உள்ளே சூடேற்றப்பட்ட சங்கிலிப்பட்டை வண்டியில் அட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கில் அரைநாள் சென்றுவருவது என்றும், இளையவர்கள் வேறொரு நாளில் நாய் இழுக்கும் வண்டியில் போவது என்றும் முடிவானது.

குடியிருப்புக்கு வெளியே வழிகாட்டி இல்லாமல் ஓர் அடியும் வைப்பதில்லை என்பது முதலிலேயே தீர்மானிக்கப்பட்டது. அங்கே வெளியே செல்கிறவர்கள் பனிக்கரடியை விரட்டுவதற்கான சாதனம் வைத்திருக்க வேண்டும், துப்பாக்கியும் பரிந்துரைக்கப்படுகிறது. தனியே ஒரு துப்பாக்கியை வாடகைக்கு எடுக்க ஆளுநர் அலுவலகத்தின் அனுமதி தேவைப்படும், அதற்கும் மேலாக அதைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். 2020 ஓகஸ்டில் விமான நிலையத்துக்கு அருகிலேயே உள்ள கூடார முகாமில் ஒருவர் கரடியால் கொல்லப்பட்டார். ஊரின் விளிம்பில் உள்ள கரடி எச்சரிக்கைப் பலகை படம் எடுப்பதற்காக வைக்கப்பட்டது என்று நினைப்பவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2025 முதல் கரடியிடமிருந்து குறைந்தது 300 மீற்றரும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீற்றரும் விலகி இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்திருக்கிறது.

லோங்யர்பியனில்

பயணம் த்ரொம்சோ வழியாக அமைந்தது. அங்கே எல்லோரும் கைப்பைகளுடன் விமானத்திலிருந்து இறங்கிக் கடவுச்சீட்டுப் பரிசோதனையைக் கடந்து மறுபடி ஏற வேண்டும். பெற்றோரின் கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரை விழுந்தது. அதிகாரி விசாவின் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார் என்று மகள் எழுதினார்.

லோங்யர்பியனில் தங்குமிடங்களுக்குள்ளும் அருங்காட்சியகத்திலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் செல்வது வழக்கம். சுரங்கத் தொழிலாளர் கரித்தூளை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருக்கத் தொடங்கிய பழக்கம் அது. தாய்க்கு இது தன் வீடு போல இருந்தது. தந்தைக்கு மட்டும் வெறுங்காலில் நடக்க அனுமதி இல்லை என்பதால் மென்மையான உள்வீட்டுச் செருப்பு எடுத்துச் செல்லப்பட்டிருந்தது. ஒவ்வோர் இரவும் மகள் அவருடைய பாதங்களையும் விரலிடுக்குகளையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

இரண்டாம் நாள் காலை வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 22 பாகை. நொடிக்கு 10 மீற்றர் வேகத்தில் காற்று வீசியது. தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே 36 பாகை போலப் படும், மூடாத தோல் அரை மணிக்குள் உறையலாம். வண்டி பள்ளத்தாக்கின் நடுவே நின்றபோது எல்லோரும் இறங்கினார்கள். கால் மணி நேரம் நிற்பது என்று திட்டம். தந்தை திரும்ப ஏற மனமில்லாமல் நின்றார். அவர் உடல் நடுங்கத் தொடங்கியதை முதலில் கவனித்தவர் மனைவி. "குளிருக்குத்தானே நடுங்குறார், வண்டிக்குள்ள ஏறினால் சரியாயிடும்" என்றார். ஆனால் மகள் கேட்ட கேள்விக்குத் தந்தை சொன்ன பதில் கேள்வியோடு பொருந்தவில்லை.

குளிரின் நடுக்கமும் சர்க்கரை குறைவின் நடுக்கமும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுதான். வண்டிக்குள் ஏற்றியதும் இரத்தச் சர்க்கரையை அளக்கும் மானியை எடுத்தார்கள். அது தந்தையின் வெளிப்பையில் இருந்திருந்தது. வெப்பநிலை போதாது என்ற பிழைக் குறியைக் காட்டி அளக்க மறுத்தது. மருமகன் அதைத் தன் கமக்கட்டில் வைத்துச் சூடாக்கினார். பழச்சாறுப் பெட்டியைத் திறக்கப் போனபோது அது கல்லாக உறைந்திருந்தது. சொக்கலேற்றைக் கடிக்க முடியவில்லை. அளவு தெரியும்வரை காத்திராமல் மகள் குளுக்கோஸ் மாத்திரைகளைக் கொடுத்தார், அது சரியான முடிவு. சில நிமிடங்களின் பின் மானி வேலை செய்தபோது 56 காட்டியது, நோர்வேக் கணக்கில் 3.1. மாத்திரைக்கு முன்னர் இதைவிடக் குறைவாக இருந்திருக்கும். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்த்தபோது அளவு ஏறியிருந்தது, பேச்சும் தெளிந்திருந்தது. வழிகாட்டி செய்மதித் தொலைபேசியைக் கையில் எடுத்து வைத்திருந்தார். அழைக்கத் தேவை வரவில்லை.

அதன்பின் வயிற்றில் தங்கும்படி எதையாவது உண்ணக் கொடுக்க வேண்டும். தாயின் பையில் பருத்தித்துறை வடை இருந்தது. ஈரப்பதம் இல்லாத பண்டம் என்பதால் அந்தக் குளிரிலும் அது எப்போதும்போல நொறுங்கியது. வழிகாட்டிக்கும் இரண்டு கொடுத்தார்கள். காரம் அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

சர்க்கரை குறைந்ததற்குக் காரணம் தெளிவாகவே இருந்தது. காலையில் பயணப் பரபரப்பில் குறைவாக உண்டுவிட்டு வழமையான அளவு இன்சுலின் ஏற்றியிருந்தார். குளிரில் நடுங்கும் உடல் வழமையைவிட அதிகமாகச் சர்க்கரையை எரித்தது. அன்று மாலை ஊர் வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் பேசியபோது வைத்தியரின் கடிதம் பயன்பட்டது. இரவு அளவைக் கவனிக்கும்படி மட்டும் சொன்னார்கள். அடுத்த நாள் பெற்றோர் அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், இளையவர்கள் நாய் வண்டியில் போனார்கள்.

திரும்பும் நாள்

புறப்பட வேண்டிய நாளில் பலத்த காற்று. லோங்யர்பியனுக்கு மேலே வந்த விமானம் தரையிறங்காமல் த்ரொம்சோவுக்குத் திரும்பியது. மறுநாள் மாலைதான் இடம் கிடைத்தது. மார்ச் கடைசி அங்கே நெரிசல் காலம். தங்குமிடத்தில் இரண்டு அறைகளில் ஒன்றுதான் நீடித்துத் தர முடிந்தது, நால்வரும் அதில் தங்கினார்கள். மருந்து இருந்தது. விசா திகதி இருந்தது. கொழும்புக்குப் பெற்றோரின் விமானம் அதற்கு நான்கு நாட்கள் கழித்துத்தான்; அந்த இடைவெளி தொடக்கத்தில் வீண் என்று வாதிடப்பட்டது.

த்ரொம்சோவில் மறுபடி நுழையும் முத்திரை எந்தக் கேள்வியும் இல்லாமல் விழுந்தது. மேலதிக இரவுக்கான செலவைக் கேட்டு விண்ணப்பித்தபோது, முதல் காப்புறுதி நிறுவனம் சம்பவம் தன் எல்லைக்கு வெளியே நடந்தது என்று மறுத்தது. இரண்டாவது நிறுவனம் கொடுத்தது. மருமகன் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பி, கட்டணம் பற்றித் தான் சொன்னதைத் திரும்பப் பெறுவதாக எழுதினார்.

மாற்ற வேண்டியவை

பெற்றோரை அழைத்துச் சென்றது சரியா என்று சிலர் கேட்டார்கள். சரி என்றே கருதுகிறேன். வண்டித் தெரிவும் குளுக்கோஸ் மாத்திரையும் அதைச் சரியாக்கின. ஆனால் மானி இன்சுலினோடு உட்பையில் இருந்திருக்க வேண்டும். பெரும்பாலான மானிகள் குளிர்ந்த நிலையில் அளக்க மறுக்கும் என்பது கையேட்டில் எழுதியிருப்பதுதான். இன்சுலினைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு மானியை யாரும் நினைக்கவில்லை. நீரிழிவு இருப்பதை வழிகாட்டியிடம் காலையிலேயே சொல்லியிருந்தால், கால் மணி முடிந்ததும் அவரே ஏறச் சொல்லியிருப்பார். வெளியே செல்லும் நாளில் இன்சுலின் அளவைக் குறைப்பது பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கியிருக்கலாம். பழச்சாறு பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.

விசா விண்ணப்பத்தை முகவரிடம் கொடுப்பவர்கள் முழுப் பயண ஒழுங்கையும் அவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு, சமர்ப்பிக்கும் முன் நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தைத் தாமே பார்க்க வேண்டும். இந்தக் குடும்பம் இழந்தது இரண்டாம் விண்ணப்பக் கட்டணமும் மூன்று வாரமும். திகதிகள் இறுக்கமாக இருந்திருந்தால் பயணமே போயிருக்கும்.

ஒன்றில் மட்டும் நானும் மகளும் இன்னும் உடன்படவில்லை. அடுத்தமுறை யாரையாவது அழைத்துச் செல்வதானால் த்ரொம்சோவில் இறங்கி ஏறாமல், ஒஸ்லோவிலிருந்து நேரே செல்லும் விமானத்தில் போக வேண்டும் என்கிறார் அவர். முழங்கால் வலியுள்ளவருக்கு அந்த ஏற்ற இறக்கம் அதிகம் என்பது அவர் வாதம். த்ரொம்சோவில் ஓர் இரவு தங்கி, வைத்தியசாலை உள்ள ஊரில் ஒரு நாள் குளிரில் நடந்து பார்த்து, மானியும் மருந்தும் சப்பாத்தும் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்துகொண்டபின் வடக்கே ஏறுவது நல்லது என்கிறேன் நான்.